ஏற்காட்டு வரைபடத் தரவு: எது உங்களுடையது, எதைக் காக்க முடியும்?

ஏற்காட்டு நடைபாதைகள், ஊற்றுகள், காட்சி முனைகள் எல்லாவற்றையும் தொகுத்து ஒரு வரைபடத் தரவாக்கி, விடுதிகளுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் விற்கலாம் என்று ஒருவர் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன அறை, ஒரு மடிக்கணினி, ஒரு ஜி.பி.எஸ். கருவி, கூட இரண்டு பேர். மூலப்பொருள் பெரும்பாலும் பொதுவில் கிடைப்பதுதான்: அரசு வெளியிட்ட கிராம எல்லைகள், சர்வே ஆஃப் இந்தியா (மத்திய அரசின் வரைபடத் துறை) தாள்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடம்) சாலைகள், தாலுகா ஆபீஸ் பதிவேடுகள். மாதக்கணக்கில் உழைத்து முடித்தபின் ஒரு பயம் வருகிறது. யாராவது இதை அப்படியே எடுத்து வேறு பெயரில் விற்றால் என்ன செய்வது?

இந்த வழிகாட்டி அவருக்காக. பெரிய தொகை புழங்கும் விஷயமென்றால் வக்கீலிடம் போகத்தான் வேண்டும். ஆனால் வக்கீல் முதலில் கேட்கப்போவது "இதில் எது நீங்கள் செய்தது, எது எங்கிருந்து எடுத்தது?" என்பதைத்தான். வேலையை ஆரம்பிக்கும் நாளிலேயே அதற்குப் பதில் தயாராகத் தொடங்க வேண்டும். பிறகு உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதுவது ஆகிற காரியமில்லை.

சட்டம் எதைக் காக்கும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. குப்பனூர் வழியாகவும் மேலே போகலாம். ஏரியின் உபரி நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. இவையெல்லாம் உண்மைகள். உண்மைக்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது. நீங்கள் மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு ஒரு ஊற்றின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறித்து வந்திருந்தாலும், அந்த எண்கள் உங்கள் சொத்தாகிவிடாது. நாளைக்கு இன்னொருவர் தானே நடந்து போய் அதே எண்களைக் குறித்து வந்தால் உங்களுக்குப் பேச்சே இல்லை.

அப்படியானால் காப்பு எங்கே இருக்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. பிரிவு 2-இல் 'கலைப்படைப்பு' என்பதற்குள் வரைபடமும் அடங்கும். அதே பிரிவில் 'இலக்கியப் படைப்பு' என்பதற்குள் அட்டவணைகளும் தொகுப்புகளும் கணினித் தரவுத்தளங்களும் அடங்கும். எக்செல் கோப்பை இலக்கியம் என்று சட்டம் சொல்வது கேட்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேடிக்கைதான் உங்கள் பிழைப்புக்கு ஆதாரம்.

இரண்டு கதவுக்கும் ஒரே நிபந்தனை: படைப்பு அசலானதாக இருக்க வேண்டும். அசல் என்றால் என்ன என்பதற்கு நம் நாட்டில் அடிப்படையாக நிற்பது 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி – மோடக் வழக்கில் கொடுத்த தீர்ப்பு. நீதிமன்றத் தீர்ப்புகளைத் திருத்தி அச்சிடும் ஒரு பதிப்பகம், தன் வேலையைக் குறுந்தகட்டில் காப்பி அடித்துவிட்டார்கள் என்று போட்ட வழக்கு அது. வரைபடக்காரர் இதை ஏன் படிக்க வேண்டும் என்றால், அங்கேயும் மூலப்பொருள் பொதுவானது. தீர்ப்பை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: வெறும் உழைப்பும் செலவும் போதாது, திறமையும் தீர்மானமும் தெரிய வேண்டும், சிறிதளவாவது படைப்பூக்கம் இருக்க வேண்டும். எழுத்துப்பிழை திருத்தியதற்கும் மேற்கோள் எண்களைச் சேர்த்ததற்கும் உரிமை கிடைக்கவில்லை. எந்த நீதிபதி ஒத்துப்போகிறார், எவர் மாறுபடுகிறார் என்று படித்துப் பார்த்துக் குறித்ததற்கும், பத்திகளைப் பிரித்துச் சேர்த்து எண்ணிட்டதற்கும் கிடைத்தது.

இதை மலைக்குக் கொண்டுவருவோம். எஃப்.எம்.பி. எனப்படும் நில அளவைப் புலப்படத்தை ஸ்கேன் செய்து கணினியில் கோடு கோடாக இழுப்பது, ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை திருத்துவது, ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எல்லாம் உழைப்பு. முதுகு ஒடியும் உழைப்புதான், ஆனால் காப்பு குறைவு. நூற்றுக்கணக்கான ஒற்றையடிப் பாதைகளில் வயதானவர்கள் நடக்கத்தக்கவை எவை என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது, மழைக்காலத்தில் வழுக்கும் பாறைச்சரிவுகளைத் தரம் பிரிப்பது, காபி எஸ்டேட் சாலைகளை 'பொதுவழி', 'கேட்டுப் போகலாம்', 'போகக்கூடாது' என்று வகைப்படுத்துவது எல்லாம் தீர்மானம். காப்பு அங்கேதான் பலமாக இருக்கிறது.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் 'தரவுத்தள உரிமை' என்று தனியாக ஒன்று இருப்பதாகப் படிப்பீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996-ஆம் ஆண்டு நெறிமுறையில் வருவது. பெரும் முதலீடு செய்து தொகுத்தவருக்கு, அசல்தன்மை இல்லாவிட்டாலும் 15 ஆண்டு காப்பு தருகிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதை நம்பி எழுதிய ஆலோசனைகளை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதல் வேலை: மூலப் பதிவேடு

கோப்புறை திறந்த அன்றே ஒரு பதிவேடு தொடங்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும், அதாவது சாலைகள், ஊற்றுகள் போன்ற ஒவ்வொரு வகைத் தரவுக்கும், ஒரு வரி போதும்: எங்கிருந்து, எந்தத் தேதியில், எந்த உரிமத்தின் கீழ் எடுத்தீர்கள், நீங்கள் அதில் செய்த மாற்றம் என்ன. உரிம விதிகள் இருந்த பக்கத்தை அன்றைக்கே பி.டி.எஃப்.ஆகச் சேமித்து வையுங்கள், ஏனென்றால் விதிகள் மாறும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அரசுத் தரவில். அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆகவே அது எல்லோருக்கும் பொது என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் படைப்புகளுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது. அந்தப் பழக்கத்தை வைத்து எழுதுகிறவர்கள்தான் இணையத்தில் அதிகம். இந்தியாவில் அரசுப் படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. முதல் உரிமையாளர் அரசே. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும்.

அந்த 60 ஆண்டுக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். 1918-இல் வெளியான சேலம் மாவட்ட கெசட்டியரையும், வெள்ளைக்காரர் காலத்தில் அச்சான சர்வே தாள்களையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பழைய எண் முறையில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை '58 I' என்ற தொகுதிக்குள் வரும். பழைய மலைக்கிராமப் பெயர்கள், மாட்டு வண்டித் தடங்கள், குளங்கள் அதில் கிடைக்கும். எனக்குக் கேட்டால், புதியவர் ஒருவர் முதலில் தேட வேண்டியது இந்தப் பழைய தாள்களைத்தான். தெளிவான உரிமை, சுவையான தகவல், போட்டியாளர் கண்ணில் படாதது.

சர்வே ஆஃப் இந்தியாவின் இன்றைய தாள்கள் வேறு கதை. தரவிறக்க முடிகிறது என்பதும், அதை இழுத்து வரைந்து விற்க முடிகிறது என்பதும் ஒன்றல்ல. விதிகளை வரி வரியாகப் படியுங்கள். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் இருப்பவற்றுக்கு நிலைமை நல்லது. அங்கே 2017-இல் அறிவிக்கப்பட்ட அரசு திறந்த தரவு உரிமம் பொருந்தும் இடங்களில், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், உங்கள் தரவோடு சேர்க்கலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அரசே உங்களை ஆமோதித்ததுபோலக் காட்டிக்கொள்ளக் கூடாது, தனிநபர் தகவலை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் மாநில அரசின் இணைய சேவையில் பார்க்கக் கிடைக்கின்றன. பார்க்கக் கிடைப்பது, சான்றுக்காக நகல் எடுக்கக் கிடைப்பது. மொத்தமாக உருவி எடுத்து விற்பதற்கான அனுமதி அதில் இல்லை. தவிர, பட்டாதாரர் பெயர் உங்கள் வரைபடத்தில் வர வேண்டிய தேவையே கிடையாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வைத்து, புல எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆர்.டி.ஐ. போட்டு வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்பார்கள் சிலர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் தகவலை அறியும் உரிமையைத்தான் தருகிறது. மனுவுக்கு 10 ரூபாய் கட்டி வாங்கிய வரைபடத்தை அச்சடித்து விற்க உரிமம் வந்துவிடாது. அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமை அதில் இருந்தால், பிரிவு 9-இன் கீழ் மனுவையே மறுக்கலாம். ஆனால் ஆர்.டி.ஐ.யில் வந்த பதிலில் இருக்கும் வெறும் உண்மைகளை, உதாரணமாக எந்தப் பஞ்சாயத்துச் சாலை எத்தனை மீட்டர் என்பதை, உங்கள் சொந்த அட்டவணையில் எழுதிக்கொள்வதில் சிக்கல் இல்லை.

கூகுள் மேப் மேல் கோடு இழுக்காதீர்கள். அதன் பயன்பாட்டு விதிகள், அதைப் பார்த்து இன்னொரு வரைபடத் தரவை உருவாக்குவதைத் தடுக்கின்றன. ஒரே ஒரு பாதையை அப்படி இழுத்திருந்தாலும் வழக்கென்று வந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடும்போது

இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், 2012 செப்டம்பரிலிருந்து திறந்த தரவுத்தள உரிமம் என்ற ஒன்றின் கீழ் இருக்கிறது. எடுத்து விற்கலாம், தடையில்லை. பங்களிப்பாளர்களுக்கு நன்றிக்குறிப்பு கண்ணில் படும்படி போட வேண்டும். அடுத்த நிபந்தனைதான் முக்கியம்: அந்தத் தரவுத்தளத்தை மாற்றி ஒரு புதிய தரவுத்தளம் செய்து அதை வெளியில் பயன்படுத்தினால், அந்தப் புதியதையும் அதே உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். பூட்டி வைக்க நினைத்த தரவு திறந்த தரவாகிவிடும்.

தப்பிக்க வழி உண்டு. குறுக்கு வழியல்ல, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையே தன் வழிகாட்டுதல்களில் சொல்லியிருப்பது. ஒரு வகைப் பொருள் முழுவதையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். ஏற்காடு தாலுகாவின் சாலைகள் முழுக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், ஊற்றுகள் முழுக்க நீங்கள் நடந்து குறித்தவை என்றால், ஊற்று அடுக்கு உங்களுடையதாகவே நிற்கும். இரண்டும் ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்று தெரிவதால் மட்டும் அது கலப்பாகாது. ஆனால் 'அங்கே ஏற்கெனவே சில ஊற்றுகள் இருக்கின்றன, விட்டுப்போனதை மட்டும் நாம் சேர்ப்போம்' என்று ஆரம்பித்தீர்களோ, மொத்த ஊற்று அடுக்கும் பகிர வேண்டிய நிலைக்குப் போய்விடும்.

சாலை விஷயத்தில் என் யோசனை இது. நாகலூர் பக்கமோ மஞ்சக்குட்டை பக்கமோ ஒரு சாலை தவறாக இருந்தால், திருத்தத்தை உங்கள் கோப்பில் ஒளித்து வைக்காமல் நேராக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே போட்டுவிடுங்கள். எப்படியும் பகிர வேண்டியதுதான். உங்கள் சரக்கு சாலை அல்ல, சாலைமேல் நீங்கள் வைக்கும் தீர்மானம். அது தனிக் கோப்பில், தனி அடையாள எண்ணோடு இருக்கட்டும். சிறு அளவில் எடுப்பதற்கு ஒரு சலுகையும் இருக்கிறது: அறக்கட்டளையின் வழிகாட்டுதல்படி 100-க்குக் குறைவான பொருள்களை எடுப்பது கணிசமான எடுப்பாகக் கருதப்படுவதில்லை. திரும்பத் திரும்ப 99 எடுக்கலாமா என்று யோசிக்க வேண்டாம். அதுவும் சேர்த்துத்தான் கணக்கு.

அச்சிட்ட வரைபடமோ படமோ வேறு. அதை நீங்கள் விரும்பும் உரிமத்தில் விற்கலாம், நன்றிக்குறிப்பு இருந்தால் போதும். அடியில் உள்ள தரவுத்தளத்தை நீங்கள் மாற்றியிருந்தால் மட்டும் அதைக் கேட்பவருக்குத் தர வேண்டும்.

தீர்மானத்துக்கு எழுத்துச் சாட்சி

திறமையும் தீர்மானமும் காக்கப்படும் என்றால், தீர்மானித்தீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். பெரும்பாலோர் இதைத்தான் செய்வதில்லை. வகைப்பாட்டு விதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். 'எளிது' என்றால் என்ன, 'கடினம்' என்றால் என்ன, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் போன்ற எல்லோருக்கும் தெரிந்த இடங்களோடு கரடியூர் பக்கத்து முனையை ஏன் சேர்த்தீர்கள், இன்னொன்றை ஏன் விட்டீர்கள். இரண்டு பேருக்குள் கருத்து வேறுபாடு வந்து ஒரு பாதையின் தரத்தை மாற்றினால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள். களத்தில் எடுத்த ஜி.பி.எஸ். தடக் கோப்புகளையும் புகைப்படங்களையும் திருத்தாமல் அப்படியே தனியாக வையுங்கள்.

ஒவ்வொரு பதிப்பும் முடிந்ததும் மொத்தக் கோப்புக்கும் ஷா-256 என்ற முறையில் ஹாஷ் எண் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து, அதை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை, செலவில்லை.

பொறி வைப்பது பற்றி

வரைபடக்காரர்கள் இல்லாத தெருவைப் போட்டுக் காப்பி அடிப்பவரைப் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். 1930-களில் நியூயார்க் மாநிலத்து வரைபடம் ஒன்றில் அக்லோ என்று இல்லாத ஊரைப் போட்டார்கள். பிறகு இன்னொரு நிறுவனத்தின் வரைபடத்திலும் அது வந்தது. பிடிபட்டார்கள் என்று பார்த்தால், இதற்குள் அந்த இடத்தில் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து அதே பெயரில் கடையே திறந்துவிட்டிருந்தார்!

பொறியின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1991-இல் தீர்ப்பான ஃபைஸ்ட் – ரூரல் வழக்கில், தொலைபேசிப் பட்டியலில் வைத்த நான்கு போலிப் பதிவுகள் காப்பியை நிரூபித்தன. ஆனாலும் வழக்குப் போட்ட தொலைபேசி நிறுவனம் தோற்றது, ஏனென்றால் அகர வரிசையில் பெயர் அடுக்குவதில் அசல்தன்மை இல்லை. இல்லாத தெருவை உண்மை என்று நீயே அச்சிட்டுவிட்டு, பிறகு அது என் கற்பனை என்று உரிமை கேட்க முடியாது என்று 1992-இல் நியூயார்க்கில் ஒரு வரைபட வழக்கிலும் சொல்லிவிட்டார்கள். எடுத்தார் என்பதைத்தான் பொறி காட்டும். எடுக்கப்பட்டதில் உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மலை வரைபடத்தில் இல்லாத பாதையைப் போடவே போடாதீர்கள். யாராவது அதை நம்பி மாலை நேரத்தில் நடந்து போவார். தீங்கில்லாத அடையாளங்கள் நிறைய இருக்கின்றன. டிகிரியில் ஆறாவது தசம இடம் சுமார் 11 சென்டிமீட்டர். அந்த இலக்கத்தில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ஒழுங்கு வைத்தால் யாருக்கும் பாதிப்பில்லை. எண்களைச் சுருக்கிவிட்டால் அது அழிந்துபோகும் என்பதால் வேறு சிலவும் வேண்டும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கோட்டின் முறிவுப்புள்ளிகளை எங்கெங்கே வைத்தீர்கள் என்பது கைரேகை போன்றது. இருவர் தனித்தனியாக வரைந்தால் ஒருபோதும் ஒத்துப்போகாது. பிரிட்டனில் வாகன ஓட்டிகள் சங்கம் ஒன்று அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேக்கு 2001-இல் 2 கோடி பவுண்டு தந்து சமரசம் செய்துகொண்ட விவகாரத்தில் மாட்டிவிட்டது போலித் தெருவல்ல, சாலைகளின் அகலம் போன்ற, வரையும் முறையின் நுணுக்கங்கள்.

கூட வேலை செய்தவர்கள்

சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சேரும். பகுதிநேரமாக, வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்யும் கல்லூரி மாணவர் செய்தது, எழுத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், அவருக்கே சேரும். நண்பர்கள் என்றாலும் உரிமை மாற்றத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரிவு 19-இல் ஒரு கண்ணி இருக்கிறது: காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு மட்டும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதபோது, அது காலாவதியாகும். ஆக, காலம், இடம், இந்த ஓராண்டு விதி மூன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். வழிகாட்டியாக வந்த மலைக்கிராமத்துப் பெரியவர் சொன்ன பாதைப் பெயர்களுக்குச் சட்டப்படி எதுவும் தர வேண்டியதில்லை. ஆனால் கூலியும் நன்றிக்குறிப்பும் தருவது முறை. மறுபடி அந்த ஊருக்குப் போக வேண்டும் அல்லவா?

விற்கும்போது ஒப்பந்தம்தான் முதல் வேலி

பதிப்புரிமையில் ஓட்டை இருந்தாலும் ஒப்பந்தத்தில் அடைத்துவிடலாம். வெறும் உண்மைகளுக்குக்கூட, 'இதை வெளியில் தர மாட்டேன், மறுவிற்பனை செய்ய மாட்டேன்' என்று வாங்குபவர் ஒப்புக்கொண்டால் அவர் அதற்குக் கட்டுப்பட்டவர். பலவீனம் என்னவென்றால் அது கையெழுத்துப் போட்டவரை மட்டுமே கட்டும். அவரிடமிருந்து பெற்ற மூன்றாமவரை அல்ல. அதனால் வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடையாளம் பொதிந்த நகல் கொடுங்கள். எந்த நகல் கசிந்தது என்று பிறகு தெரியும்.

முழுக் கோப்பைக் கொடுக்காமல், உங்கள் சர்வரிலிருந்து கேட்பதற்கு மட்டும் பதில் தருவது இன்னும் நல்லது. அனுமதியில்லாமல் உங்கள் கணினியிலிருந்து தரவை உருவினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43 துணைக்கு வரும். அங்கே அசல்தன்மை என்ற கேள்வியே எழாது, அனுமதி இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அலுவலராக விசாரிக்கலாம்.

வெளிநாட்டுச் செயலி நிறுவனம் ஒன்று வாங்க வந்தால் கவனம். 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு வழிகாட்டுதல்களின்படி இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமல் தரவு திரட்டலாம். ஆனால் கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டர் என்ற துல்லியத்தைத் தாண்டிய தரவை வெளிநாட்டு நிறுவனத்துக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. அவர்களின் இந்திய வாடிக்கையாளர்களுக்காக, அவர்கள் சர்வர் வழியாகப் போகாத இணைப்பு மூலம்தான் தரலாம். மறுவிற்பனைக்கும் தடை.

இந்தியாவின் எல்லை உங்கள் வரைபடத்தின் ஏதாவது ஒரு மூலையில் சின்னதாகத் தெரிந்தாலும் சர்வே ஆஃப் இந்தியா எல்லையையே போடுங்கள். மாற்றிப் போட்டு வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று 1961-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் தடம் குறிக்கப் போகும்முன் வனத்துறை அனுமதி வாங்குங்கள்.

பதிவு

பதிப்புரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை. படைத்த கணமே உரிமை உண்டு. ஆனாலும் பதிந்துவிடுங்கள். பதிவேட்டில் இருப்பது முதல்நோக்கில் சான்றாக ஏற்கப்படும், எதிர்த்தரப்புதான் மறுத்து நிரூபிக்க வேண்டும். இணையத்தில் படிவம் 14 நிரப்பி, ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டினால் டைரி எண் வரும். அதன்பின் யாராவது ஆட்சேபிக்க 30 நாள் காத்திருப்பு. வரைபடத்தைக் கலைப்படைப்பாகவும் தரவுத்தளத்தை இலக்கியப் படைப்பாகவும் தனித்தனியே போடுங்கள். படைத்தவர் ஒருவர், விண்ணப்பிப்பவர் வேறொருவர் என்றால் ஆட்சேபணையின்மைக் கடிதம் கேட்பார்கள். முன்பு வாங்கிய கையெழுத்துகள் இங்கே உதவும். அரசிடமிருந்தும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்தும் எடுத்ததையும் உங்களுடையது என்று எழுதிவிடாதீர்கள். மூலப் பதிவேட்டைப் பார்த்து, 'தேர்வு, வகைப்பாடு, அடுக்குமுறை, களக்குறிப்புகள்' என்று உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்.

பெயரும் சின்னமும் வணிக முத்திரைச் சட்டத்தின் வேலை, பதிப்புரிமை அதற்கு உதவாது. தனிநபரும் சிறுதொழிலும் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால்

முதலில் எதுவும் பேசாதீர்கள். எதிராளியின் வரைபடத்தைக் காசு கொடுத்து ரசீதோடு வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்களைத் தேதியோடு சேமியுங்கள். உங்கள் முறிவுப்புள்ளிகளையும் அடையாள எண்களையும் அவருடையதோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணை போடுங்கள். அவர் எடுத்தது உங்கள் தீர்மானத்தையா, அல்லது யாரும் எடுக்கக்கூடிய உண்மைகளையா என்று நேர்மையாகப் பாருங்கள். இரண்டாவது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஆதாரமில்லாமல் வக்கீல் நோட்டீஸ் விட்டு மிரட்டினால், பிரிவு 60-இன் கீழ் அவர் உங்கள்மேல் வழக்குப் போட முடியும்.

ஆதாரம் உறுதியென்றால், இணையத்தில் அதை வைத்திருக்கும் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். 2013-ஆம் ஆண்டு விதிகள்படி, புகாரில் அடிப்படை இருப்பதாகத் தெரிந்தால் அவர்கள் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடுவார்கள், ஆகவே வக்கீலைத் தயாராக வைத்துக்கொண்டே புகாரை அனுப்புங்கள். சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. பிரிவு 62 வழக்குத் தொடுப்பவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தை அனுமதிக்கிறது, சேலத்திலேயே போடலாம். மீறல் நடந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். தெரிந்தே செய்த மீறலுக்குப் பிரிவு 63-இல் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. ஆனால் உள்ளூர்ச் சின்னத் தகராறுக்குப் போலீஸ் படியேறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரும்பாலும் எடுத்தவர் தெரிந்த வட்டாரத்து ஆளாகத்தான் இருப்பார். ஒப்பீட்டு அட்டவணையை எதிரில் வைத்து, இதுவரை பயன்படுத்தியதற்கு ஒரு தொகை, இனிமேல் ஆண்டுக்கு ஒரு தொகை என்று உரிமக் கட்டணம் பேசிப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் பிரிவு 30 கேட்கிறபடி எழுத்தில் வாங்குங்கள், கையெழுத்தும் இருக்கட்டும். எந்தப் பதிப்பு, எந்த அடுக்குகள், எத்தனை ஆண்டு, எந்த ஊர்கள் என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். கீழே உங்கள் கோப்பின் ஹாஷ் எண்ணையும் எழுதிவிடுங்கள்.